பேஸ்பால் வெறுத்துப்போனவர்கள் யாராவது மார்ச்சில் அரிசோனா போய்ப் பார்த்தீர்களா?

பச்சைத்தொப்பி
10 மார்ச் 2025

நண்பர்களே, இந்தப் பகுதிக்கு நான் வந்து ரொம்ப நாளாகிறது. ஓக்லாந்து ஏ'ஸ் (அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி) என்ற பெயரைப் படித்தாலே மனசு கசந்ததால் ஒதுங்கியிருந்தேன். போன வாரம் அலுவலக வேலையாக அரிசோனாவின் ஃபீனிக்ஸ் போனேன். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமும் (ஸ்பிரிங் ட்ரெயினிங்) கணக்கில் சேராத பயிற்சி ஆட்டங்களும் நடக்கும் நேரம். அங்கே பார்த்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருக்கிறது.

பழைய ஆட்களுக்கு என் கதை தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓக்லாந்துக்குப் பக்கத்து ஃப்ரீமாண்டுக்குக் குடிவந்த புதிதில், 2002 செப்டம்பர் 4 அன்று, ஆபீஸ் நண்பர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஏ'ஸ் மைதானமான கோலிசியத்தின் மேல்தளத்தில் உட்காரவைத்தார். ஏ'ஸ் அதுவரை தொடர்ந்து 19 ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். அன்று கான்சஸ் சிட்டிக்கு எதிராக 11-0 என்று முன்னிலை. பிறகு அத்தனையும் கரைந்து 11-11. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னொருவருக்குப் பதிலாக மட்டை பிடித்த ஸ்காட் ஹேட்டெபெர்க் ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். 12-11, தொடர்ந்து இருபதாவது வெற்றி. 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டம். விதிகள் பாதி புரியாமலே அன்றைக்கு நான் அந்த அணியின் ஆளாகிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் ஃப்ரீமாண்டிலேயே மைதானம் கட்டப்போவதாக 2006-ல் அறிவித்தார்கள், 2009-ல் கைவிட்டார்கள். சான் ஹோசே என்றார்கள், ஓக்லாந்து துறைமுகம் என்றார்கள், கடைசியில் லாஸ் வேகஸ். 2023 ஜூன் 13 அன்று, அணியை விற்றுவிடு என்று உரிமையாளருக்குச் சொல்வதற்காகவே 27,759 பேர் கோலிசியத்தில் திரண்டோம். வேகஸ் மைதானத்துக்கு அரசுப் பணம் தரும் மசோதாவை நெவாடா செனட் நிறைவேற்றியதும் அதே நாளில்தான். 2024 செப்டம்பர் 26 ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்தோம். டெக்சாஸை 3-2 என்று ஜெயித்தோம், ஜெயித்து என்ன.

ஆனால் அணி போனது மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே எனக்கு ஆட்டம் அலுத்துவிட்டது. ஃபேண்டஸி லீகுக்காக (நிஜ வீரர்களின் எண்களை வைத்து ஆடும் கற்பனை அணிப் போட்டி) ராத்திரி பூரா எல்லா ஆட்டங்களின் எண்களையும் மேய்வது, பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய கோணம் என்ன, வேகம் என்ன என்று பார்ப்பது, ஒளிபரப்பில் திரும்பத் திரும்ப வரும் பந்தய விளம்பரங்கள். ஒரு வீரரைப் பிடிக்க ஆரம்பிக்கும்போதே இவரை எப்போது அனுப்புவார்கள் என்ற கணக்கும் கூடவே ஓடும். 2022 மார்ச்சில் எங்கள் முக்கிய வீரர்கள் பேசிட், ஓல்சன், சாப்மன் மூவரையும் ஒரே வாரத்துக்குள் மூன்று அணிகளுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து மார்ச் மாதம் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். ஒரு காலையில் வேலை சீக்கிரம் முடிந்தது. கூட வேலை பார்ப்பவர் பியோரியாவில் இறக்கிவிட்டார். பாட்ரேஸும் மரினர்ஸும் பயிற்சி செய்யும் வளாகம். இரண்டும் எனக்குச் சம்பந்தமில்லாத அணிகள். பின்பக்க மைதானம் ஒன்றில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். டிக்கெட் இல்லை, ஸ்கோர்போர்டு இல்லை.

பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் மேட்டில் ஏறி, எறிவது போலக் கையை மட்டும் வீசி முடிக்கிறார். அதே நொடியில் கோச் முதல் பேஸ் (ஓடுபவர் தொடவேண்டிய திண்டு) பக்கமாக ஒரு தரைப்பந்து அடிக்கிறார். அவர் கையில் இருப்பது ஃபங்கோ மட்டை: வழக்கமான மட்டையைவிட நீளம், மெலிசு, எடை குறைவு. பந்தை முதல் பேஸ்காரர் எடுக்கப் போய்விடுவதால் பேஸ் காலியாகிவிடும். அங்கே பிட்சர் ஓடிப்போய் நிற்கவேண்டும். நேராக பேஸை நோக்கி ஓடுவார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருப்போம். அப்படி இல்லை. முதலில் எல்லைக்கோட்டின் பக்கம் சாய்வாக ஓடுகிறார், பேஸுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னாலேயே வளைந்து கோட்டுக்கு இணையாகத் திரும்புகிறார், பந்தை வாங்கிக்கொண்டே பேஸின் உள்விளிம்பை வலது காலால் மிதித்துவிட்டு மைதானத்துக்குள் விலகிவிடுகிறார். நேராகப் போனால் ஓடிவரும் பேட்டர் மேல் மோதி முழங்கால் போய்விடும். அதனால் அந்த வளைவு. ஒருவர் முடித்ததும் அடுத்தவர். மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குபவரும், யாரென்றே தெரியாத பையனும் ஒரே வரிசை. கால் தப்பாக விழுந்தால் கோச் ஒன்றும் சொல்வதில்லை, மறுபடி வரிசைக் கடைசிக்கு அனுப்புகிறார்.

போனை எடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கிளம்ப மனமில்லாமல் நின்றேன். மறுநாள் மேசாவுக்குப் போய் ஹோஹோகம் மைதானத்தில் ஏ'ஸ் ஆட்டத்தையே பார்த்துவிட்டேன். அது எப்படி இருந்தது என்று கேட்டால் எழுதுகிறேன். முதலில் உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?


சாண்ட்லர்வாசி
10 மார்ச் 2025

வாங்க சார், வாங்க. உங்கள் எழுத்தை இங்கே பார்த்து எவ்வளவு காலம். மேசா வந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டில் சாப்பாடு போட்டிருப்போமே.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மார்ச் மாதம்தான் திருவிழா. முப்பது அணிகளில் பாதி இங்கே, பாதி ஃப்ளோரிடாவில். அங்கே அணிகள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். இங்கே பதினைந்தும் ஃபீனிக்ஸைச் சுற்றியே. பகலில் ஒரு ஆட்டம், சாயங்காலம் இன்னொன்று என்று காரிலேயே பார்த்துவிடலாம்.

இந்தக் கேக்டஸ் லீகின் (அரிசோனாவின் பயிற்சி ஆட்டங்களுக்கு அதுதான் பெயர்) பிறப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1947-ல் இரண்டே அணிகள்தான் இங்கே வந்தன. நியூயார்க் ஜயண்ட்ஸ் ஃபீனிக்ஸுக்கு, க்ளீவ்லேண்ட் டூசானுக்கு. க்ளீவ்லேண்டின் உரிமையாளர் பில் வீக். ஃப்ளோரிடாவின் நிறப்பாகுபாடு பிடிக்காமல்தான் அரிசோனா வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். அந்த ஜூலையில் லாரி டோபியை அணியில் சேர்த்தார். அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின வீரர் டோபிதான். ஆனால் மறு வருஷம் டோபி டூசான் வந்தபோது, அணி தங்கிய ஹோட்டலில் அவருக்கு அறை தரவில்லை. ஓடிவந்த இடத்திலும் அதே பாகுபாடு. இங்கே வெயிலும் புல்வெளியும் ஐஸ் போட்ட லெமனேடுமாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அது அடிக்கடி நினைவு வரும்.

ஹோஹோகம் கதையையும் எழுதுங்கள்.


வலதுமூலை
11 மார்ச் 2025

அண்ணே, மனசு கேட்கவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். பியோரியாவில் வேலிக்கு வெளியே நின்றீர்கள், சந்தோஷம். ஹோஹோகம் ஏன் போனீர்கள்?

நானும் நீங்களும் வலது மூலை பெஞ்சில் ஒன்றாக மேளம் கேட்டவர்கள். பார்ட் ரயிலில் இறங்கி அந்தக் கம்பிவேலிப் பாலத்தில் நடக்கும்போது வெங்காயம் வதங்கும் வாசனை வருமே, அதெல்லாம் மறந்துபோச்சா? ஓக்லாந்தில் இருந்தவரைக்கும் காசில்லை காசில்லை என்று ஒவ்வொருத்தராக அனுப்பினார்கள். ஊரை விட்டுக் கிளம்பியதும் பிட்சர் செவெரினோவுக்கு மூன்று வருஷத்துக்கு 67 மில்லியன். அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். ரூக்கருக்கு 60 மில்லியன். இப்போது லாரன்ஸ் பட்லருக்கு 65.5 மில்லியன். இந்தக் காசு எங்கே இருந்தது இத்தனை நாள்?

ரிக்கி ஹெண்டர்சன் போன டிசம்பரில் காலமாகிவிட்டார். ஓக்லாந்தில் வளர்ந்து 1,406 பேஸ் திருடியவர் (பந்து எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் லூ பிராக் 938. அந்த மனுஷனின் பெயரைச் சூட்டிய கோலிசியக் களத்தில் இந்த வருஷம் பேஸ்பால் கிடையாது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்த அணிக்கு ஒரு டிக்கெட் காசு கொடுக்க எனக்குக் கை வராது. உங்களுக்கு வந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.


பச்சைத்தொப்பி
11 மார்ச் 2025

தம்பி, உன் கோபம் நியாயம். அதைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்லமாட்டேன். டிக்கெட் காசு யார் கைக்குப் போகிறது என்று தெரிந்துதான் வாங்கினேன். அந்த உரிமையாளரை நான் மன்னிக்கவில்லை. ஏ'ஸ் இப்போதைக்கு ஆடப்போகும் சாக்ரமெண்டோவுக்கும் போகமாட்டேன், வேகஸுக்கும் போகமாட்டேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். நாம் கோலிசியத்தில் நேசித்தது இரண்டு விஷயம். ஒன்று, நம் ஊரும் நம் அணியும். அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொன்று, ஆட்டம். அந்த இரண்டாவதையும் நான் தொடாமல் விட்டால், அதையும் சேர்த்து அவர்களிடம் நானே தூக்கிக் கொடுத்ததாக ஆகும். அது அவர்களுடையதே இல்லை. ஃபங்கோ மட்டையும் அந்த வளைந்த ஓட்டமும் எந்த உரிமையாளருக்கும் பாத்தியப்பட்டதில்லை.

ஹோஹோகம் போனது, அந்தப் பச்சைச் சட்டையை நேரில் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான். முதல் இரண்டு இன்னிங்ஸ் நெஞ்சு அடைத்தது, உண்மை. பக்கத்தில் ஒரு பெரியவர், பழைய ஓக்லாந்து தொப்பி போட்டவர், என் தொப்பியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் ஜேக்கப் வில்சன் மட்டை பிடிக்க வந்தார். பைரேட்ஸ் அணியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) ஆடிய ஜாக் வில்சனின் மகன். பிட்சர் பந்தை விடும்வரை இந்தப் பையனின் மட்டை ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கிறது, முழங்கால், தோள், மணிக்கட்டு எல்லாமே ஆடுகிறது. பந்து வந்ததும் அத்தனையும் அடங்கி மட்டை நேராகப் பந்தின் மேல் வந்து உட்காருகிறது. வெளியே போகும் பந்தையும் வலப்பக்கம் தட்டிவிடுகிறார். எல்லாரும் ஹோம் ரன்னுக்கு வீசி வீசி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆகும் காலத்தில் இப்படி ஒருத்தர். கிட்டத்தில் உட்கார்ந்ததால் கேட்சர் ஒவ்வொரு பந்துக்கும் தலையைத் திருப்பி அவர் கால்களைப் பார்ப்பது வரைக்கும் தெரிந்தது. டிவியில் இத்தனை வருஷம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதைப் பார்க்கவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதே. எனக்கு நினைவில்லை.


காவிரிக்கரை
12 மார்ச் 2025

அண்ணா, நான் திருச்சியிலிருந்து. கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். உங்கள் பதிவுகளுக்காக இந்தப் பகுதியைப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். இது கணக்கில் சேராத பயிற்சி ஆட்டம் என்கிறீர்கள். நம் ஊரில் ரஞ்சி ஆட்டத்துக்கே ஆள் வருவதில்லை. பயிற்சி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி ஆயிரக்கணக்கில் எப்படி வருகிறார்கள்? முடிவுக்கு மதிப்பே இல்லாத ஆட்டத்தில் வீரர்கள் முழு மூச்சாக ஆடுவார்களா?


சாண்ட்லர்வாசி
12 மார்ச் 2025

நல்ல கேள்வி தம்பி. அணிக்குத்தான் முடிவு கணக்கில்லை. ஆடுகிற ஆளுக்கு வாழ்க்கையே கணக்கில் இருக்கிறது.

சீசன் தொடங்கும்போது ஒரு அணியில் 26 பேருக்குத்தான் இடம். பிப்ரவரி நடுவில் முகாமுக்கு வருபவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய ஆட்களுக்கு இடம் உறுதி. அவர்கள் நான்கைந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டுக் குளித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த நேரம். முதுகில் 80, 90 என்று பெரிய எண் போட்ட பையன்கள் இறங்குவார்கள். கூட்டத்தில் பாதி கிளம்பியிருக்கும். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பையன் மூன்றாவது பேஸிலிருந்து எறியும் ஒரு பந்தைக் குறித்துவைக்க ஒரு கோச் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு வரியில் அவன் வருஷம் மாறலாம். முகாம் முடிய முடிய ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மைனர் லீகுக்கு (கீழ்நிலை அணிகளுக்கு) அனுப்புவார்கள்.

இந்தப் பையன்களைப் பற்றி இன்னொன்று. கொஞ்ச வருஷத்துக்கு முன்புவரை மைனர் லீக் வீரர்களுக்கு ஸ்பிரிங் ட்ரெயினிங் நாட்களுக்குச் சம்பளமே கிடையாது. காலை முதல் வெயிலில் நிற்பார்கள், கையில் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் காசு மட்டும். முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டு, 2022-ல் 185 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. அடுத்த வருஷம் அவர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. நாம் புல்வெளியில் சாய்ந்துகொண்டு ரசிக்கும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

விதிகளும் கொஞ்சம் தளர்வு. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமனாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே முடித்துக்கொள்வார்கள். 2021-ல், பிட்சர் ரொம்பப் பந்து போட்டுத் தடுமாறினால் மூன்று அவுட் விழாமலே இன்னிங்ஸை நிறுத்தியதும் உண்டு. கை முக்கியம், ஸ்கோர் இல்லை.


ஸ்கோர்புக் அக்கா
13 மார்ச் 2025

இந்த இழையில் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறீர்கள், நானும் வருகிறேன். சாக்ரமெண்டோவை ஒட்டிய ஃபோல்சம் பக்கம் இருக்கிறோம். மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள், நான் அவள் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறேன்.

பச்சைத்தொப்பி அண்ணா, போனை விட்டுவிட்டுப் பார்க்க ஆசை என்றால் கையால் ஸ்கோர் எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு அவுட் என்றால் 6-4-3. நீங்கள் பியோரியாவில் பார்த்தீர்களே, முதல் பேஸ்காரர் எடுத்துப் பிட்சரிடம் கொடுப்பது, அது 3-1. வீசாமல் நின்று ஸ்ட்ரைக் அவுட் ஆனால் கே எழுத்தைத் திருப்பிப் போடவேண்டும். எழுத ஆரம்பித்தால் கண் ஆட்டத்தை விட்டு நகராது. ஒரு பந்து தவறவிட்டால் கட்டம் காலியாக இருக்கும்.

ஸ்பிரிங் ட்ரெயினிங் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதுவதுதான் கஷ்டம். ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு ஒன்பது பேரும் மாறிவிடுவார்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று பெயர் எழுத இடம் விட்டு, பென்சிலும் ரப்பரும் எடுத்துப் போங்கள்.

அப்புறம், வலதுமூலை தம்பிக்கு. ஏ'ஸ் எங்கள் பக்கம்தான் வந்திருக்கிறார்கள். மார்ச் 31 அன்று கப்ஸோடு முதல் ஆட்டம், மேற்கு சாக்ரமெண்டோவில், சுமார் 14,000 பேர் மட்டும் உட்காரும், ரிவர் கேட்ஸ் என்ற மைனர் லீக் அணியின் மைதானத்தில். அணியின் பெயரில் ஊர் பெயரே கிடையாது, வெறும் அத்லெடிக்ஸ். எங்கள் ஊரில் ஆடுவார்கள், எங்கள் ஊர் பெயர் போட்டுக்கொள்ளமாட்டார்கள். மகளை நான் கூட்டிப்போவேன், அவளுக்குப் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் ஊரிலிருந்து பிடுங்கி வந்ததை ரசிக்கிறோம் என்ற உறுத்தல் எனக்கும் இருக்கிறது, தம்பி. அதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.


வலதுமூலை
13 மார்ச் 2025

அக்கா, நீங்கள் இப்படிச் சொன்னதே போதும். பாப்பாவைக் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். குழந்தைகள் மேல் யாருக்கு என்ன கோபம்.

நான் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. எல்லாருக்கும் சொல்கிறேன்: மேற்கு ஓக்லாந்தில் ரைமோண்டி பார்க்கில் ஓக்லாந்து பாலர்ஸ் ஆடுகிறார்கள். 2024-ல் தொடங்கிய சுயேச்சை அணி, பயனியர் லீக். ரசிகர்களே பங்கு வாங்கியிருக்கிறோம். பழைய மேளக்காரர்கள் நிறைய பேர் அங்கே வருகிறார்கள். அண்ணே, ஆட்டம் உரிமையாளருடையது இல்லை என்கிறீர்கள். அந்த வரியை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நான் ரைமோண்டிக்குப் போகிறேன், மேசாவுக்கு இல்லை. சீசன் ஆரம்பித்ததும் ஒரு நாள் வாங்க.


மெக்கோவி கரை
14 மார்ச் 2025

சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் ரசிகன் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத்தொப்பி சாரோடு ஒரு இடத்தில் எனக்குக் கருத்து வேறு. உங்கள் மனசு மாறியதால் ஆட்டம் இனித்தது போல எழுதுகிறீர்கள். ஆட்டமே மாறியிருக்கிறது சார். எனக்கும் அலுத்துப்போய்த்தான் இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் நடுவே பேட்டர் கையுறையை அவிழ்த்து மாட்டுவது, பிட்சர் மேட்டைச் சுற்றி உலாவுவது. 2022-ல் ஒரு ஆட்டம் சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. 2023-ல் பிட்ச் கிளாக் (அடுத்த பந்தை எறியக் கெடு வைக்கும் கடிகாரம்) வந்தது; பேஸில் ஓட்டக்காரர் யாரும் இல்லையென்றால் 15 விநாடி, இருந்தால் 20, இப்போது 18. ஒரே வருஷத்தில் சராசரி 2 மணி 40 நிமிஷமாக இறங்கியது.

அதுவும் ஸ்பிரிங் ட்ரெயினிங்கில்தான் முதலில் உறைத்தது. 2023 பிப்ரவரி 25, ஃப்ளோரிடாவில் ப்ரேவ்ஸும் ரெட் சாக்ஸும். ஒன்பதாவது இன்னிங்ஸ், 6-6, மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். ப்ரேவ்ஸின் கேல் கான்லி பேட்டர். அம்பயர் கையைத் தூக்கினார். நான்காவது பால் (நான்கு விழுந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்) கிடைத்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அவர் முதல் பேஸுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் தயாராகத் தாமதித்தது அவர்தான். தானாகவே மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட், ஆட்டம் சமனில் முடிந்தது. வேர்ல்ட் சீரிஸ் இறுதிப்போட்டியில் இப்படி நடந்திருந்தால் ஊரே எரிந்திருக்கும். பிப்ரவரியில் நடந்ததால் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வருஷம் பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று கேமராவிடம் முறையிடும் முறையைச் சோதிக்கிறார்கள், எல்லா மைதானத்திலும் இல்லை. நான் சால்ட் ரிவர் மைதானத்தில் பார்த்தேன். அம்பயர் ஸ்ட்ரைக் என்றார், பேட்டர் உடனே ஹெல்மெட்டைத் தட்டினார். டக்அவுட்டைப் (அணி உட்காரும் இடம்) பார்த்து யோசனை கேட்க முடியாது. பேட்டர், பிட்சர், கேட்சர் இவர்களில் ஒருவர்தான் கேட்கவேண்டும், அந்தக் கணமே கேட்கவேண்டும். பெரிய திரையில் பந்து கட்டத்தின் ஓரத்தை நூலிழையில் தவறவிடுவது தெரிந்தது. மைதானம் முழுக்கக் கத்தியது. கிரிக்கெட்காரர்களுக்கு டிஆர்எஸ் பழக்கம், நமக்கு இது புதுசு. அம்பயரோடு சண்டை போடும் அழகு போய்விடும் என்று வருந்துபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை.


பச்சைத்தொப்பி
15 மார்ச் 2025

மெக்கோவி கரை சார், கடிகாரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஹோஹோகமில் உட்கார்ந்திருந்தபோது ஆட்டம் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர்ந்தது என்று நானும் கவனித்தேன். ஆனால் பியோரியா வேலி ஓரத்தில் எந்தக் கடிகாரமும் ஓடவில்லை, அங்கேதான் எனக்கு முதலில் உறைத்தது. இரண்டுமே இருக்கலாம்.

அக்கா, ஸ்கோர் புத்தகம் வாங்கிவிட்டேன். மிக்க நன்றி.

ஹோஹோகமில் பார்த்த இன்னொருவரைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். போன வருஷம் ட்ராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) நான்காவது ஆளாகத் தேர்வான நிக் கர்ட்ஸ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துப் பையன். ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைச்சல், இடதுகை பேட்டர், முதல் பேஸ்காரர். பயிற்சி மட்டையடிப்பில் அவர் முறை வந்ததும் கூண்டைச் சுற்றி நின்ற மற்ற வீரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு பையனுக்குத் தேவையில்லை. இவர் எந்தத் தேதியில் மேலே வருவார், எவ்வளவு நாளில் விற்பார்கள் என்று என் மூளை பழக்கதோஷத்தில் கணக்குப் போடத் தொடங்கியது. நிறுத்திவிட்டுப் பந்தைப் பார்த்தேன்.

தம்பி, ரைமோண்டிக்கு வருகிறேன். மேளத்தைக் கொண்டு வா.


சாண்ட்லர்வாசி
26 ஜூலை 2025

இழையை மேலே கொண்டுவருகிறேன், காரணம் எல்லாருக்கும் தெரியும். நேற்று ஹூஸ்டனில் கர்ட்ஸ் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன். ஆறுக்கு ஆறு, எட்டு ரன் அடித்துக்கொடுத்தார். அணி 15-3. அறிமுக வருஷத்தில் ஒருவர் நான்கு அடித்தது மேஜர் லீக் வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை. பச்சைத்தொப்பி சார், கூண்டைச் சுற்றி நின்றவர்கள் அன்றைக்கே தெரிந்துவைத்திருக்கிறார்கள்!


பச்சைத்தொப்பி
26 ஜூலை 2025

காரில் ரேடியோவில் கேட்டேன். மூன்றாவதுக்கு அப்புறம் வண்டியை ஓரம்கட்டிவிட்டேன். நான்காவது இடப்பக்கம், எதிர்த்திசையில் போனதாக வர்ணனையாளர் சொன்னதும் அந்த இடதுகை வீச்சு கண்ணில் தெரிந்தது, நேரில் பார்த்திருக்கிறேன் அல்லவா. ஃபேண்டஸி லீகில் அவர் யாரிடம் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் மெசேஜ் போட்டார். நான் இந்த வருஷம் அதில் சேரவில்லை, சேரவும் போவதில்லை.


வலதுமூலை
27 ஜூலை 2025

அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும். அவன் என்ன செய்வான், அவனைத் தேர்ந்தெடுத்தவர்களை அவனா தேர்ந்தெடுத்தான். ஆனால் அந்தப் பச்சையில் அவன் சுற்றி ஓடுவதை நான் முழுசாகப் பார்க்கவில்லை, முடியவில்லை. கோலிசியத்தில் நடந்திருக்கவேண்டிய ராத்திரி அது. அண்ணன் ரைமோண்டியில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக ஸ்கோர் எழுதியதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். பக்கத்துச் சிறுவர்களுக்கு 6-4-3 சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.


காவிரிக்கரை
29 ஜூலை 2025

அண்ணா, அடுத்த மார்ச்சில் அக்காவைப் பார்க்க டெம்பி வருகிறேன், அம்மா அப்பாவும் கூட. ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எங்கே போவது, எப்போது போவது?


சாண்ட்லர்வாசி
29 ஜூலை 2025

வார நாளில் வாங்க தம்பி, சனி ஞாயிறில் கூட்டமும் விலையும் அதிகம். டாட்ஜர்ஸ், கப்ஸ் ஆட்டங்களைத் தவிர்த்தால் டிக்கெட் சுலபம். பகல் ஆட்டம் பெரும்பாலும் 1:05-க்குத் தொடங்கும், ஆனால் காலை ஒன்பது பத்து மணிக்கே பியோரியாவுக்கோ சர்ப்ரைஸ் என்ற ஊருக்கோ போய்விடுங்கள். பின்பக்க மைதானங்களில் நடப்பதைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. எந்த நாள் திறந்திருக்கும் என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள், அணிக்கு அணி மாறும். சர்ப்ரைஸில் ரேஞ்சர்ஸ் இருக்கிறார்கள், குமார் ராக்கர் பந்து போடுவதைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். அவருடைய அம்மா இந்திய வம்சாவளி.

புல்வெளி டிக்கெட் எடுத்தால் விரிக்க ஒரு போர்வை. அம்மா அப்பாவுக்கு அது சரிப்படாது, நிழலில் நாற்காலி பார்த்து எடுங்கள், மார்ச் வெயிலும் மத்தியானம் சுடும். தண்ணீர் பாட்டில் மூடி திறக்காததாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், டெம்பியிலிருந்து நானே காரில் கூட்டிப்போகிறேன்.